வெள்ளை ஸ்டிக்கர் சிவந்த நாள்

அரை டம்ளர் டீதான். சர்க்கரை தூக்கலாகப் போட்ட பால் டீ. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு மொழிபெயர்ப்பின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். அகராதியை எடுக்கக் கை நீட்டினேன், டம்ளர் சாய்ந்தது. லேப்டாப் விசைப்பலகையின் வலப்பக்கம் முழுக்க டீ பரவி, விசை இடுக்குகளில் இறங்கியது.

அப்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்க வேண்டும். நான் துண்டை எடுத்துத் துடைத்தேன். தட்டிப் பார்த்தேன், எல்லா எழுத்தும் வந்தன. ஒன்றும் ஆகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு மேலும் இரண்டு பக்கம் அடித்தேன்.

முதலில் ஓய்ந்தது ‘க’. நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவன். 1999இல் தமிழக அரசு ஏற்ற அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். டீ கொட்டியதும் வலப்பக்கம்தான். ‘க’வைத் தொடர்ந்து ப, ம, த என்று வரிசையாகப் போயின. ‘அ’ வந்தது, ‘அம்மா’ வரவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

பயத்திலும் தவறையே செய்தேன். ஹேர் டிரையரால் சூடான காற்றை அடித்தேன். அரை மணிக்கு ஒரு தரம் ஆன் செய்து பார்த்தேன். இரவு அரிசி மூட்டைமேல் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலை திரையில் வெளிச்சமே இல்லை.

இனி சொல்வதுதான் சொல்லக் கூச்சமானது. வாரன்டி முடிய நான்கு மாதம் இருந்தது. திரவம் கொட்டிக் கெட்டால் வாரன்டி செல்லாது என்பது எனக்குத் தெரியும். சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞரிடம், “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. காலைல பாத்தா ஆன் ஆகல” என்றேன். அவர் அடிமூடியைக் கழற்றி என் பக்கம் திருப்பினார். உள்ளே உளுந்தம்பருப்பு அளவில் ஒரு ஸ்டிக்கர். “இது வெள்ளையா இருக்கணும் சார். ஈரம் பட்டா சிவப்பாயிடும்.” சிவந்திருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. மூடியைப் பூட்டி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். என் மகன் வயதுப் பையன் முன்னால் தலை நிமிர முடியாமல் வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராக, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைக்காரப் பெரியவர் கேட்டார்: “என்ன கொட்டுச்சு?”

“டீ.”

“சக்கரை போட்டதா?”

“ஆமாங்க.”

“அப்புறம் ஆன் பண்ணிப் பாத்தீங்களா?”

இந்த முறை மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். “டீ கெடுத்தது கொஞ்சம்தான் சார். நீங்க ஆன் பண்ணிப் பாத்ததுதான் போர்டைக் கெடுத்துச்சு.”

விசைகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருப்பதையும், அவற்றில் மின்பாதைகள் அச்சிடப்பட்டிருப்பதையும் கழற்றிக் காட்டினார். ஒரு பாதை பல விசைகளுக்குப் பொது. அது கெட்டால் அவை சேர்ந்தே போகும். தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரையும் பாலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் செம்புப் பாதைகள் வேகமாக அரித்துப்போகும். என் போர்டில் ஓரிடத்தில் பச்சை பூத்திருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, உள்ளே பேட்டரி இருக்கிறது என்றார். ஹேர் டிரையர் ஈரத்தை உள்ளே தள்ளும், பிளாஸ்டிக்கை வளைக்கும். அரிசி உள்ளே இறங்கிய டீயை உறிஞ்சாது. அதன் மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

அவர் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தால் போர்டைக் கழுவி, கருகிய ஒரு பாகத்தையும் விசைப்பலகையையும் மாற்றினார். 8,500 ரூபாய், பதினோரு நாள். உடனே அணைத்துவிட்டுக் கொண்டு வந்திருந்தால் விசைப்பலகையோடு முடிந்திருக்கும் என்றார். கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாததால் மொழிபெயர்ப்பு பிழைத்தது. மூன்று வார உழைப்புக்கு வேறெங்கும் நகல் எடுத்து வைக்காதது என் இன்னொரு குற்றம்.

டம்ளர் சாய்வது யாருக்கும் நடக்கும். நடந்ததை ஒப்புக்கொள்ள மனம் வராததால்தான் எனக்கு இத்தனை நஷ்டம். ஆன் செய்து ஆன் செய்து பார்த்ததும் அதனால்தான்; அந்தப் பையனிடம் பொய் சொன்னதும் அதனால்தான்.

உங்களுக்கு இது நேர்ந்தால் சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். கழற்ற முடிகிற பேட்டரியாக இருந்தால் கழற்றுங்கள். லேப்டாப்பைக் கூடாரம்போல் விரித்து, துண்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். மெக்கானிக் பார்க்கும்வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள். அவசர வேலையிருந்தால் வேறொரு கணினியில் பாருங்கள். கொட்டியது என்ன, எப்போது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்வதுபோல் மெக்கானிக்கிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.