உரோமையில் திருப்பயணியின் பணப்பை

உரோமை நகரில் திபேர் ஆற்றைக் கடந்து புனித இராயப்பர் பேராலயத்தை அடைய விரும்புவோர், பல நூற்றாண்டுகளாகச் சம்மனசுப் பாலத்தின் வழியாகவே சென்று வந்திருக்கின்றனர். நம் ஆண்டவருடைய பாடுகளின் கருவிகளை ஏந்திய சம்மனசுகளின் பளிங்குச் சிலைகள் பாலத்தின் இருமருங்கிலும் நிற்கின்றன. அவற்றை வியந்து நோக்காதார் இல்லை. ஆனால் பாலத்தில் கால் வைக்குமுன், இக்கரையிலுள்ள தெருக்களின் பெயர்ப் பலகைகளை வாசித்துச் செல்வோர் மிகச் சிலரே. ஒன்று ‘பழைய வங்கிகளின் தெரு’. மற்றொன்று ‘புதிய வங்கிகளின் தெரு’. பாலத்தை நோக்கி நேராக வரும் தெருவுக்கோ ‘பரிசுத்த ஆவி வங்கித் தெரு’ என்று பெயர். திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் 1605-ஆம் ஆண்டில் நிறுவிய வங்கி அது; 1992-இல் வேறு வங்கிகளோடு இணைந்து, தன் பெயரை அத்தெருவுக்கு மட்டும் விட்டுச் சென்றது.

இத்தாலிய மொழியில் ‘பாங்கோ’ என்றால் வெறும் பலகை என்றே பொருள். அக்காலத்து நாணய வணிகர் பலகை போட்டு அமர்ந்து தொழில் செய்ததால், அப்பலகையின் பெயரே உலகெங்கும் வங்கிக்குப் பெயராயிற்று. திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் 1300-இல் முதல் யூபிலி ஆண்டை அறிவித்த நாள் முதலாக, அந்நியர் கூட்டம் இந்நகருக்குப் பெருகி வந்தது. பணத்தை மாற்றித் தருபவன் ஒருவன் இருந்தால், பறிப்பவன் ஒருவனும் அருகிலேயே இருந்திருப்பான் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நம் பங்குகளிலிருந்து உரோமைக்குப் புறப்படுவோர் பெருஞ்செல்வர் அல்லர். சீட்டுக் கட்டியும், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தும், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பியதைச் சேர்த்து வைத்தும், வாழ்நாளில் ஒருமுறை செல்கிறவர்கள். பயணக் குழுவினர் தங்கும் விடுதியைப் பற்றியும் ஆலயங்களைப் பற்றியும் விரிவாக எடுத்துரைப்பார்கள்; பணத்தை எவ்வாறு கொண்டுபோவது என்பதை மட்டும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆகவே இக்கட்டுரையில் கோயில்களை விட்டுப் பணப்பையைப் பற்றிப் பேசுவோம்.

முதற்கண், எவ்வளவு ரொக்கம் தேவை? நாம் எண்ணுவதைவிடக் குறைவு. கடைக்காரர்கள் அட்டையை ஏற்க மறுத்தால் அபராதம் விதிக்கும் முறை 2022-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் இத்தாலியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கோப்பைக் காப்பிக்கும் அட்டையை நீட்டலாம். மெழுகுவர்த்திக்கும் உண்டியலுக்கும் கழிப்பிடத்துக்கும் சில்லறை வேண்டும். அவசரத்துக்கு ஓரிரு நூறு யூரோ தனியே இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து புறப்படும் ஒருவர் 3,000 டாலர் மதிப்புவரை அயல்நாட்டு நோட்டுகளைக் கையில் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது என்பதற்காக அவ்வளவையும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. நம் ஊரில் யூரோ வாங்கும்போது 20, 50 யூரோ நோட்டுகளாகக் கேட்டுப் பெறுவது நலம். 500 யூரோ நோட்டு வெளியிடுவதை 2019-இலேயே நிறுத்திவிட்டார்கள். அது செல்லும் என்றாலும் கடைகளில் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள்.

இனி, அந்த 64-ஆம் எண் பேருந்து. தெர்மினி இரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் இப்பேருந்தைப் பிக்பாக்கெட்டுக்காரர்களின் பேருந்து என்று உரோமையரே கேலி செய்வர். திருப்பயணிகளும் சுற்றுலாப் பயணிகளும் நெருக்கியடித்து ஏறுவதால், அத்தொழிலாளருக்கும் அதுவே வசதியான களமாகிறது.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் நான் சென்ற சிறு குழுவில், கடற்கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த விதவைத் தாயார் ஒருவர் இருந்தார். கருவாடு விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்த மகன் அவருக்கு வங்கி அட்டை ஒன்றை வாங்கித் தந்து, எழுத்து வாசனை குறைந்த தாய் தடுமாறக் கூடாதே என்ற அன்பினால், இரகசிய எண்ணைச் சூசையப்பர் படம் ஒன்றின் பின்புறத்தில் எழுதி, அட்டையோடு ஒரே துணிப்பையில் வைத்துக் கொடுத்திருந்தார். புதன்கிழமைக் காலை, திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்குச் செல்லும் வழியில், அந்தப் பை பேருந்திலேயே மறைந்தது. இறங்கியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் அவர் வாய் திறக்கவில்லை. இரவு உணவு வேளையில்தான், அதுவும் அவர் அழுவதைக் கண்ட வேறொரு பெண்மணி வற்புறுத்திக் கேட்ட பிறகே சொன்னார்.

“எல்லாரும் திருத்தந்தையைப் பார்க்க வந்திருக்கிறீர்கள், தம்பி. என் ஒருத்தியின் பைக்காக உங்கள் பொழுதை ஏன் கெடுக்க வேண்டும்?” என்று என்னிடம் கூறினார்.

அட்டையிலிருந்து இருமுறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. முதலாவது, பை போன அரைமணி நேரத்துக்குள்; இரண்டாவது, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். ஆக மொத்தம் ஏறத்தாழ 45,000 ரூபாய். காலையிலேயே சொல்லியிருந்தால், ஊரிலிருந்த மகன் தம் கைப்பேசியிலேயே ஒரு நிமிடத்தில் அட்டையை முடக்கியிருப்பார். இரண்டாவது தொகையாவது தப்பியிருக்கும். மறுநாள் கராபினியேரி காவல் நிலையத்தில் முறையீடு எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பெற்றோம். ஆனால் இந்திய ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு ஜூலையில் வகுத்த விதிகள் இவ்விடத்தில் கண்டிப்பானவை. வாடிக்கையாளரின் பிழையின்றி வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அவருக்கு இழப்பு ஏதுமில்லை. இரகசிய எண்ணைக் காக்கத் தவறியதால் நேர்ந்ததாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் கணம்வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவருடையதே. சில வாரங்களில் வங்கியின் பதில் வந்தது. அந்தப் படத்தின் பின்புறத்தில் இருந்த நான்கு எண்கள் அவருடைய கோரிக்கையை இல்லாமற் செய்துவிட்டன.

நான்கு எண்களை நினைவில் வைப்பது எல்லாருக்கும் எளிதன்று. 1967-இல் இலண்டனில் நிறுவப்பட்ட முதல் பண இயந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் ஆறு எண்களை வைக்கவே எண்ணியிருந்தாராம்; தம் மனைவியாரின் நினைவில் நிற்பது நான்குதான் என்பதால் நான்கோடு நிறுத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். (அவர் பிறந்தது நம் நாட்டுச் சில்லாங் நகரில்.) நம் முதியோருக்கு அந்நான்கும் நிற்காதெனில், எண்ணைத் தாளில் எழுதித் தருவதைவிட அட்டையே கொடாமல் ரொக்கத்தைப் பகுத்துத் தருவது நன்று. இல்லையேல், அவர்கள் நன்கு அறிந்த ஒரு பழைய நாளையோ கதவு எண்ணையோ இரகசிய எண்ணாக அமைக்கலாம். ஆனால் பிறந்த ஆண்டு வேண்டாம். அது கடவுச்சீட்டில் அச்சாகியிருக்கிறது.

அட்டையை நம் நாட்டுக்கு வெளியே பயன்படுத்தும் வசதியை நாமே கேட்டுத் திறந்தாலன்றி, அயல்நாட்டில் அது வேலை செய்யாமற் போகலாம். 2020 முதல் இவ்வேற்பாடு நடைமுறையில் இருக்கிறது. புறப்படுமுன் திறந்து, ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையைக் குறைவாக வரையறுத்து, திரும்பியதும் மூடிவிட வேண்டும். வங்கியின் அவசரத் தொலைபேசி எண்ணைக் குறிக்கும்போது, 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் அயல்நாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதை நினைவிற் கொள்க; 91 என்ற நாட்டு எண்ணோடு கூடிய எண்ணைக் கேட்டு வாங்கி, அட்டை இல்லாத வேறொரு பையில் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சிம் கார்டை வீட்டில் விட்டுச் செல்லலாகாது. வங்கி அனுப்பும் கடவுச்சொற்களும் எச்சரிக்கைகளும் அதற்கே வரும்.

பணம் எடுக்க இயந்திரத்தைத் தேடுகையில் உரோமையில் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கட்டடத்தின் சுவரில் பதித்திருக்கும் இயந்திரம் ஒரு வகை. அதனை அங்கே ‘பாங்கோமாத்’ என்பர். நீரூற்றுகளின் அருகிலும் நினைவுப்பொருள் கடைகளின் வாயிலிலும் பளிச்சென்ற வண்ணத்தில் தனியே நிற்பவை மற்றொரு வகை. இவை பொதுவாக எந்த வங்கிக்கும் உரியவை அல்ல. கட்டணமும் மாற்று விகிதமும் இவற்றில் பயணிக்குக் கடுமையாகவே இருக்கும். ஆகவே வங்கிச் சுவரையே நாடுக. அதுவும் வார நாளின் முற்பகலில் செல்வது உத்தமம். இயந்திரம் அட்டையை விழுங்கிவிட்டால், உள்ளே சென்று கேட்க ஓர் ஆள் இருப்பார். இத்தாலிய வங்கிகள் நண்பகலுக்குப் பின் நெடுநேரம் அடைத்துவிடும்.

அட்டை நுழையும் வாயைச் சற்று அசைத்துப் பார்ப்பது வீண் சந்தேகம் அன்று. அவ்வாயின்மேல் போலி வாய் ஒன்றைப் பொருத்தி, அட்டையின் காந்தப் பட்டையைப் படியெடுப்பதும், மேலே ஒளித்து வைத்த சிறு காமிராவினால் விரல்களின் அசைவைப் படம் பிடிப்பதும் பழகிய தந்திரங்கள். சில்லுள்ள அட்டையில் சில்லைப் படியெடுப்பது மிகக் கடினம். ஆயினும் பட்டையை இன்னும் ஏற்கும் நாடுகளில் போலி அட்டை செல்லுபடியாகும். மறு கையால் எண் பலகையை மறைத்து அழுத்தினால், எண் கிடைக்காமல் திருடன் பாதி வழியில் நின்றுவிடுவான். உதவ வருபவரிடம், அவர் எவ்வளவு நன்றாக உடுத்தியிருந்தாலும், தலையசைத்து மறுத்து விலகுக. சாதாரண உடையில் வந்து, தாம் காவலர் என்றும் கள்ளநோட்டைச் சோதிக்க வேண்டும் என்றும் பணப்பையைக் கேட்போரும் உண்டு. அவ்வாறு கேட்டால், காவல் நிலையத்துக்கே வருகிறேன் என்று சொல்லிவிடலாம். 112 என்ற எண் அவசர அழைப்புக்கு உரியது.

திரையில் தோன்றும் ஒரு கேள்வி பலரை ஏமாற்றுகிறது. எடுக்கும் தொகையை உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிட்டுத் தரவா என்று இயந்திரம் கேட்கும். ரூபாயில் எண் தெரிவதால் நமக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் விலை. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 யூரோவுக்கு நியாயமாக 20,000 ரூபாய். இயந்திரம் 112 ரூபாய் விகிதத்தில் கணக்கிட்டால் 22,400 ஆகிறது. நம் வங்கியே மாற்றிக் கொடுத்தால் அதன் கட்டணம் பெரும்பாலும் மூன்றரை விழுக்காட்டு அளவிலும், ஒருமுறை எடுப்பதற்கான தொகையிலும் அடங்கும். எனவே ‘கன்வர்ஷன்’ வேண்டாம் என்பதற்கான பொத்தானையே அழுத்த வேண்டும். அப்பொத்தான் சில இயந்திரங்களில் சிவப்பாக இருக்கும். பணமே வராது என்று அஞ்சி நம்மவர் பச்சையை அழுத்திவிடுகின்றனர். சிவப்பை அழுத்தினாலும் பணம் வரும், யூரோ கணக்கில். கடைகளிலும் இதே கேள்வி எழும், இதே விடைதான்.

வத்திக்கானுக்குள் இலத்தீன் மொழியிலும் கட்டளையிடும் பண இயந்திரம் ஒன்றுண்டு. வேடிக்கைக்காகவேனும் அதைக் காணச் செல்வோர் பலர். அந்நாட்டிலேயே 2013 ஜனவரி 1 முதல் அட்டைகள் முற்றும் செயலிழந்தன. அட்டைப் பரிமாற்றத்தை நடத்திவந்த நிறுவனத்துக்கு இத்தாலிய மத்திய வங்கி அனுமதி மறுத்ததே காரணம். அருங்காட்சியகத்தைக் காண வந்தோர், ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் வழியாக பெப்ரவரி 12 அன்று நிலைமை சீராகும்வரை, ரொக்கத்தைத் தேடி இத்தாலிய மண்ணுக்குத் திரும்பி ஓட வேண்டியிருந்தது. தனியே ஒதுக்கி வைக்கச் சொன்ன அந்த ஓரிரு நூறு யூரோ இத்தகைய நாளுக்கே. அதனைப் பணப்பையில் வையாமல், உள்ளாடையில் தைத்த பையிலோ, விடுதியின் பூட்டிய பெட்டியிலோ வைக்க. இரண்டாவது அட்டை ஒன்றிருப்பின் அதற்கும் அதுவே இடம்.

திரும்பி வரும்போது மிஞ்சும் நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்புவரை நாமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றுநரிடமோ ஒப்படைக்க வேண்டும். நாணயங்களை நம் ஊரில் எவரும் மாற்றித் தருவதில்லை. அவற்றைக் கடைசி நாளில் மெழுகுவர்த்திக்குச் செலவிடலாம். அல்லது திரேவி நீரூற்றில் எறியலாம். அங்கு விழும் காசுகளை அள்ளி, உரோமை மறைமாவட்டத்தின் காரித்தாஸ் அமைப்பிடம் ஏழைகளுக்காகக் கொடுக்கிறார்கள்.