நெட்டிப் பந்தும் உப்புக் காற்றும்

ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று அறிய நெட்டித் துண்டு ஒன்றும் பட்டு நூலும் போதும். மாட்டுப் பொங்கலுக்கு மாலையாகக் கோக்கிறார்களே, அதே நெட்டிதான். அதைச் சிறு பந்தாக நறுக்கித் தொங்கவிட்டு, எண்ணெய் படாத தலையில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பை அருகே கொண்டுபோனால் பந்து சீப்பை நோக்கி வரும். தொட்டபின் விலகி ஓடும். சீப்பின் மின்னூட்டத்தில் ஒரு பங்கு பந்துக்கும் வந்துவிட, இரண்டும் ஒரே வகையாகி ஒன்றையொன்று தள்ளுகின்றன. இங்கிலாந்தில் ஜான் கேன்டன் 1754-இல் இத்தகைய பந்துகளைக் கொண்டு கருவி அமைத்தார். அதற்கு முன்பே, 1600-இல், இதே வேலைக்கு முள்மேல் சுழலும் உலோக ஊசியை வில்லியம் கில்பர்ட் விவரித்திருந்தார்.

1787-இல் ஆபிரகாம் பென்னட் என்ற பாதிரியார் பந்துகளுக்குப் பதில் இரண்டு தங்க இலைகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டு மின்காட்டி அமைத்தார். தங்கத்தை மிக மெல்லிதாக அடிக்கலாம் என்பதால் சிறு விசைக்கும் இலைகள் விரியும். எதிர்மின்னூட்டம் கொண்ட கோலை மேல்தட்டின் அருகே பிடித்தால் எலக்ட்ரான்கள் இலைகளுக்குத் தள்ளப்பட்டு அவை விரியும். கோலை எடுத்தால் இலைகள் மறுபடி மடங்கும்.

மின்னூட்டத்தின் வகையை அறிவதில்தான் மாணவர் பலர் ஏமாறுகிறார்கள். எதிர்மின்னூட்டம் ஏற்றிய மின்காட்டியின் அருகே ஒரு பொருளைக் கொண்டுவரும்போது இலைகள் மேலும் விரிந்தால் அதிலும் எதிர்மின்னூட்டம்தான். இலைகள் தாழ்ந்தாலோ ஒன்றும் உறுதியில்லை. நேர்மின்னூட்டம் இருந்தாலும் தாழும், மின்னூட்டமே இல்லாத வெறும் கை வந்தாலும் தாழும். நெட்டிப் பந்துக்கும் இதே விதி: ஈர்ப்பு சான்றாகாது, விலக்கலே சான்று.

தொண்டிக்குத் தெற்கே அலையாத்திக் காடு அடர்ந்த காரங்காடு போன்ற கடற்கரை ஊரில் இந்தக் கருவிகள் எளிதில் தோற்றுப்போகும். ஈரக் காற்றே மின்னூட்டத்தைக் கடத்திவிடுகிறது என்று பலரும் சொல்வது சரியன்று. கசிவு நடப்பது காப்புப் பொருளின் மேற்பரப்பில். கடலுப்பில் உள்ள சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீர்த்துப்போகும். கூடவே உள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை இழுத்துக்கொள்ளும். கண்ணாடியிலும் நூலிலும் படியும் இந்த உப்புநீர்ப் படலம் மின்னூட்டத்தைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே வெயிலில் காயவைத்தால் மட்டும் போதாது, உப்பு அங்கேயே இருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு காயவைக்க வேண்டும். தண்டைத் தாங்கும் அடைப்பில் பாரஃபின் மெழுகு பூசினால் நீர் படலமாகப் பரவாது. குடுவைக்குள் உலர்ந்த கால்சியம் குளோரைடு கொஞ்சம் வைப்பதும் பழைய வழக்கம். பட்டு நூலைவிடத் தங்கூசி வலையின் நைலான் இழை மேல்; அது ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

இத்தனை செய்தும் இலைகள் மெல்லத் தாழத்தான் செய்யும். கதிர்வீச்சு காற்றின் மூலக்கூறுகளை அயனிகளாக்க, அவை இலைகளின் மின்னூட்டத்தைத் தணிக்கின்றன. இந்தக் கசிவை அளக்கும் கருவிகளோடு 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறியபோது, அங்கே அது தரையில் இருப்பதைவிட மிகுந்திருந்தது. விண்வெளியிலிருந்து கதிர்கள் வருவது அப்படித்தான் தெரிந்தது. ஹெஸ்ஸுக்கு 1936-இல் நோபல் பரிசும் கிடைத்தது. கதிர்கள் மண்ணிலிருந்தும் வரும்: குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் உண்டு. அதைப் பிரித்தெடுத்துத் தட்டின் அருகே வைத்தால் இலைகள் வழக்கத்தைவிட விரைந்து தாழும்; அந்த விரைவைக் கொண்டே கதிரியக்கத்தை அளந்தார்கள்.