தங்கம் சோர்ந்த வாரம்

எண் கூடினால் எல்லோருக்கும் சந்தேகம் வரும். குறைந்தால் ஒருவருக்கும் வராது. காற்றில் பாதரசம் அளக்கும் வேலைக்கு வந்து நான் கற்ற முதல் பாடம் இது.

வட அரைக்கோளத்தின் சுத்தமான காற்றிலும் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1.5 நானோகிராம் பாதரசம் இருக்கும். அனல்மின் நிலையத்து வேலியோரம் நிற்கும் எங்கள் கருவி ஒரு வாரமாக 0.7 காட்டியது. "நல்லதுதானே, விடும்மா. ரிப்போர்ட் அழகா வரும்" என்றார் மேலதிகாரி. எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன.

குறைவெல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 1995இல் கனடாவின் வடகோடியில், அலெர்ட்டில், வசந்தகாலத்தில் பாதரசம் கிட்டத்தட்ட பூஜ்யம் வரை இறங்கியது. கருவி சரியாகவே இருந்தது. துருவச் சூரியன் திரும்பியதும் புரோமின் வினைகள் அதைக் காற்றிலிருந்து பிடுங்கிப் பனியில் சேர்த்திருந்தன.

எங்கள் கருவி பாதரசத்தைத் தங்கத்தில் பிடித்து, சூடாக்கி விடுவித்து அளக்கும். இரண்டு தங்கக் குழாய்கள் மாறி மாறி வேலை செய்யும். ஒன்று மட்டும் குறைத்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தன. அளவு தெரிந்த பாதரச ஆவியை ஊசியில் எடுத்து உள்ளே செலுத்தினேன். பாதிதான் திரும்பி வந்தது. மறுபடியும் பாதிதான். தங்கம் அழுக்கேறிச் சோர்ந்திருந்தது.

அந்த வாரத்து எண்களுக்கு எதிரே 'செல்லாது' என்று எழுதினேன். இரண்டால் பெருக்கிடலாமே என்றார்கள். எந்த நாளில் எவ்வளவு விட்டுப்போனது என்று யாருக்குத் தெரியும்? அறிக்கையில் வெற்றுக் கட்டம் அசிங்கமாகத்தான் தெரிகிறது. இருக்கட்டும்.