கையும் கையெழுத்தும்

விருதுகளைப் பற்றி எழுதுவது சிறுபத்திரிகைக்காரனுக்குச் சுலபமான காரியம். கிடைத்தவர் தகுதியில்லாதவர் என்று சொல்லலாம். கிடைக்காதவர் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடலாம். இரண்டும் சலித்துவிட்டால் விருது என்பதே ஸ்தாபனத்தின் சூழ்ச்சி என்று முடித்துவிடலாம். மூன்றையும் நாம் வேண்டிய மட்டும் செய்தாயிற்று. நான் இங்கே எடுத்துக்கொள்வது இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு துறையின் விருதுகளை. இதயத்தையும் நெஞ்சறையையும் திறந்து ஆபரேஷன் செய்கிறவர்களின் துறை அது. அங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு கவிதை பிழைத்ததா செத்ததா என்று நாம் முப்பது வருஷம் விவாதிக்கலாம். அங்கே நீலமாகக் கிடந்த குழந்தை சிவப்பாகிறது, அல்லது ஆகவில்லை. காரியம் நடந்ததா என்பதில் சந்தேகமே இல்லாத இடத்தில் விருது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதில் நமக்கும் லாபம் உண்டு.

என் அக்காள் மகனுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே உதடும் நகமும் நீலம் பாரித்தன. டாக்டர் ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து காட்டினார். கைக்குப் போகும் ரத்தக்குழாயிலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்க்கு ஓர் இணைப்புக் கொடுக்க வேண்டும், அதற்கு 'பி.டி. ஷன்ட்' என்று பெயர் என்றார். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு அந்த இரண்டு எழுத்துகளின் மேல் ஒரு பற்று ஏற்பட்டுவிட்டது. யார் இவர்கள் என்று தேடிப் படித்தேன். 'பி' என்பது ஆல்ஃபிரட் பிளாலக், சர்ஜன். 'டி' என்பது ஹெலன் டாஸிக், குழந்தைகளின் இதயநோய் மருத்துவர். அதே 'டி'யில் தொடங்கும் இன்னொரு பெயரும் உண்டு: விவியன் தாமஸ். அது அந்த இரண்டெழுத்துக்குள் நெடுங்காலம் சேர்த்தியில்லை.

தாமஸ் அமெரிக்கக் கறுப்பர். 1910ல் பிறந்தவர், நாஷ்வில் நகரத்தில் வளர்ந்தவர், தச்சுவேலை தெரிந்தவர். டாக்டராக வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தார். 1930ல் அங்கே வங்கிகள் மூழ்கியபோது அந்தச் சேமிப்பும் போயிற்று. வங்கியில் சம்பளம் வாங்குகிற எனக்கு இந்த ஒரு வரியைக் கடந்து போவது சிரமமாக இருந்தது. அதே வருஷம் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலக்கின் சோதனைச்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆராய்ச்சிகளைச் செய்தார், சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாள் என்று எழுதப்பட்டிருந்தார். 1941ல் பிளாலக் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனபோது தாமஸையும் அழைத்துக்கொண்டு போனார்.

நீலக்குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் ரத்தம் போதவில்லை, அதை அதிகப்படுத்த வழி வேண்டும் என்ற கேள்வியோடு வந்தவர் டாஸிக். பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற பெரிய சர்ஜன் அதில் அக்கறை காட்டவில்லை. பிளாலக் ஒப்புக்கொண்டார். நாய்களில் முதலில் அந்த நோய்நிலையை உண்டாக்கி, பிறகு அதைச் சரிசெய்யும் இணைப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய இருநூறு நாய்கள், இரண்டு வருஷ உழைப்பு. கை தாமஸுடையது. குழந்தையின் குழாய்களுக்கு ஏற்ற சின்னக் கருவிகளையும் அவரே இருப்பதை வைத்து மாற்றியமைத்தார். 1944 நவம்பர் 29ல் ஐலீன் சாக்ஸன் என்ற பதினைந்து மாதக் குழந்தைக்கு முதல் ஆபரேஷன் நடந்தது. பிளாலக்கின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் தாமஸ் நின்றார். பிளாலக் அவரை அங்கே நிற்கச் சொல்லியிருந்தார். தையல் சரியாக விழுகிறதா, எந்தப் பக்கமிருந்து ஊசியைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். குழந்தையின் நிறம் மாறியது. சில மாதங்களில் அது இறந்துபோனது என்றாலும், வழி திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அதன் வழியாக வந்தார்கள்.

1945ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் இருவர்: பிளாலக், டாஸிக். 1954ல் லாஸ்கர் பரிசு மூவருக்கு: பிளாலக், டாஸிக், அந்த பாஸ்டன் கிராஸ். கிராஸும் தகுதியானவர்தான், 1938ல் அவர் செய்த வேறொரு ஆபரேஷன் இந்தத் துறைக்கே வாசல். டாஸிக்கும் சுலபமாக வந்துவிடவில்லை. காது சரியாகக் கேட்காத அந்த அம்மாளுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முழுப் பேராசிரியர் பதவி கொடுத்தது 1959ல்தான். ஆகவே இதை நல்லவர் கெட்டவர் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பரிசுக் குழு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. கட்டுரையைப் பார்த்தது, கட்டுரையில் இருந்த பெயர்களுக்குப் பரிசு கொடுத்தது. விருதுக்குக் கையெழுத்துதான் கண்ணில் படும், கை படாது.

இந்தத் துறையின் கௌரவச் சொற்பொழிவுகளும் அப்படித்தான். ஜான் கிப்பன் பெயரில் அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி ஒரு சொற்பொழிவு வைத்திருக்கிறது. இதயத்தையும் நுரையீரலையும் நிறுத்திவைத்து, அந்த வேலையை எந்திரத்திடம் விட்டு, 1953 மே 6ல் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து வென்றவர். அடுத்து வந்த நோயாளிகள் இறந்தார்கள். கிப்பன் அதோடு நிறுத்திக்கொண்டார். மேலே கொண்டுபோனவர்கள் வேறு ஆட்கள். அவருடைய எந்திரத்தை ஆரம்பத்திலிருந்து கூட இருந்து உருவாக்கியவர் மனைவி மேரி. அவரும் கிப்பன் என்பதால் சொற்பொழிவின் பெயர் அவரையும் தற்செயலாகத் தொட்டுவிடுகிறது. நினைவுச் சொற்பொழிவின் வடிவம் நமக்குத் தெரியாததல்ல. முதலில் படம், இரண்டு நிமிஷம் புகழுரை, பிறகு பேச வந்தவர் தன் வேலையைப் பற்றிப் பேசுவார். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு வெற்றியும் ஒரு தேதியும்தான் அடங்கும். நின்றுபோனதும், கூட இருந்ததும் அடங்காது.

பின்னால் தாமஸுக்கும் மரியாதைகள் வந்தன. அவரிடம் பழகித் தேர்ந்த சர்ஜன்கள் சேர்ந்து 1971ல் அவர் உருவப்படத்தை வரையச்செய்து அளித்தார்கள். 1976ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, சட்டத்தில்! 1985ல் இறந்தார், அவருடைய சுயசரிதை அதற்குச் சில நாள் கழித்து வெளியாயிற்று. 1996லிருந்து அமெரிக்க இதயச் சங்கத்தின் இதய அறுவைப் பிரிவு இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு அவர் பெயரில் ஒரு விருது கொடுத்துவருகிறது. இளம் விவியன் தாமஸே அதற்கு மனுப் போட்டிருந்தால், என்ன படித்திருக்கிறாய் என்ற வரியிலேயே நின்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே விடாத கதவின் மேல் அவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். இருந்தும் இதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. பரிசு வாங்கும் பிள்ளை ஒருநாளாவது, யார் இந்த ஆள் என்று கேட்கும் அல்லவா?

என்னை அதிகம் தொந்தரவு செய்வது பரிசுக் குழு இல்லை, பிளாலக்தான். அவருக்குத் தாமஸின் மதிப்பு தெரியும். உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரியாதவர் ஸ்டூல் போட்டு நிற்கவைப்பாரா? ஆனால் அந்தத் தெரிதல் ஆபரேஷன் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. கட்டுரைக்குப் போகவில்லை. தாமஸ் பிளாலக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக்கொடுத்து உபரிக் காசு சம்பாதித்தவர். பகலில் அவரிடம் தையல் பழகிய இளம் டாக்டர்கள் இரவில் அவரிடம் கிளாஸை நீட்டியிருப்பார்கள். அந்தக் காலத்து அமெரிக்கா அப்படி, பிளாலக் தனிமனிதர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தன் கட்டுரையில் மூன்றாவது பெயர் ஒன்றை எழுதச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில்தான் விஷயம் நம்மிடம் வருகிறது. விருது இல்லாவிட்டால் என்ன, நாலு பேருக்குத் தெரிந்தால் போதும் என்பது நம் வட்டாரத்தின் வேதவாக்கு. அந்த நாலு பேரில் ஒருவராகத்தான் பிளாலக்கும் இருந்தார். நமக்குள் யாருடைய கவிதையை யார் வெட்டி நிமிர்த்தினார், எந்த மொழிபெயர்ப்பின் பாதி யார் கை, எந்த இதழ் யார் மனைவியின் வளையலில் வெளிவந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் தாராளமாகச் சொல்கிறோம். அச்சில் சொல்வதில்லை. ஸ்தாபனங்கள் நம்மைக் கவனிக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்கிற நாமே, நமக்கு அடுத்த படியில் நிற்பவருக்கு ஸ்தாபனமாக இருக்கிறோம். எங்கள் வங்கியில் ஒரு பதிவை ஒருவர் போட வேண்டும், இன்னொருவர் அங்கீகரிக்க வேண்டும். இருவர் அடையாளமும் கணக்கில் நிற்கும். தப்பு நடந்தால் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் இலக்கியத்தைவிட அங்கே நேர்மை ஒரு பிடி அதிகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விமர்சகன் பரிசு கொடுக்க முடியாது. அவன் கையில் அதற்குப் பணமும் இல்லை, பொன்னாடையும் இல்லை. யார் எதைச் செய்தார் என்று பதிவு செய்ய முடியும். அதை அவனாவது செய்ய வேண்டும். இப்போது மருத்துவர்களில் சிலர் அந்த ஆபரேஷனை பிளாலக்–தாமஸ்–டாஸிக் ஷன்ட் என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு மேடையும் விழாவும் தேவைப்படவில்லை. கட்டுரை எழுதுகிறவர், எழுதும்போது, நடுவில் ஒரு பெயரைச் சேர்க்கிறார். அவ்வளவுதான். இந்தக் கட்டுரையோடு ஆசிரியருக்கு ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: நம் இதழுக்குப் பல வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறவரின் பெயரை, அவர் வேண்டாம் என்று சொன்னாலும், இந்த இதழிலிருந்து போடவும்.