பருப்பு, அடுப்பு, கண்ணோட்டம்

புனேக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. பிழைப்பு, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது. இப்போதெல்லாம் எந்த அறிக்கையை எடுத்தாலும் அதில் ஒரு லென்ஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'த்ரூ த லென்ஸ் ஆஃப் காஸ்ட்', 'கஸ்டமர் லென்ஸ்', 'ரிஸ்க் லென்ஸ்'... கண் டாக்டரிடம்கூட இத்தனை இருக்காது :-)

இந்த வார்த்தையின் பூர்வீகம் தெரியுமோ? லத்தீனில் லென்ஸ் என்றால் பருப்பு. நம்ம கிராணா கடையில் மசூர் என்று நிறுத்துத் தருகிறார்களே, அதேதான். இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடி, பார்க்க முழு மசூர் மாதிரி இருந்ததால் அந்தப் பேர். ஃபோகஸ்? லத்தீனில் அடுப்பு! வெயிலைக் குவித்தால் பேப்பர் பற்றிக்கொள்ளும் இடமாச்சே, பொருத்தம்தான். 1604-ல் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆக, பருப்பும் அடுப்பும் இல்லாமல் ஆங்கில அறிக்கையும் வேகாது.

நம்மிடமும் இந்த மாதிரி உண்டு. குற்றம் தேடுகிறவர் கையில் பூதக்கண்ணாடி. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். வெள்ளைக்காரரின் ரோஸ் கலர் கண்ணாடி எல்லாவற்றையும் அழகாக்கிக் காட்டும். நம்ம மஞ்சள் எதையும் விட்டுவைக்காது.

நிஜ லென்ஸுக்கு ஒரு குணம் இருக்கிறது. ஒன்றைத் துல்லியமாகக் காட்டினால் முன்னாலும் பின்னாலும் இருப்பது மங்கிவிடும். கேமரா பிடித்தவர்களுக்குத் தெரியும். எழுத்தில் வருகிற லென்ஸும் அப்படித்தான். ஆனால் எது மங்கியது என்று யாரும் எழுதுவதில்லை.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு டீமைக் 'காஸ்ட் லென்ஸ்' வழியாகப் பார்த்தார்கள். பதினோரு பேருக்கு வேலை போச்சு. அறிக்கையில் அந்த எண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் ஒருவர் நம்மூர்க்காரர், பெண் பத்தாவது படிக்கிறாள், வீட்டுக் கடன் பாதிகூட முடியவில்லை என்பதெல்லாம் ஃபிரேமுக்கு வெளியே.

இதையே தமிழில் சொன்னால் 'செலவுக் கண்ணோட்டத்தில்' என்போம். திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்தின் பேரே கண்ணோட்டம். அங்கே அதற்குப் 'பார்க்கும் கோணம்' என்று அர்த்தம் இல்லைங்க, இரக்கம் என்று அர்த்தம். எதிரே நிற்பவர் மேல் கண் ஓடினால் மனசு இளகுமே, அது. அதுவும் ஆள்பவனுக்குச் சொன்ன பொருட்பாலில்! அதே சொல்லை வைத்துத்தான் இன்றைக்குச் செலவுக் கணக்குப் பார்க்கிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில் 'த்ரூ த லென்ஸ்' என்று எழுதினால் அடிக்காதீர்கள். எழுதட்டும். கீழே இன்னொரு வரி மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்தக் கண்ணாடியில் யாரெல்லாம் தெரியவில்லை?