எந்த வருஷத்து ஜீப்?

பழைய ஜீப் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதை எந்த வருஷத்துக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள்?" கேட்பவர்கள் வண்டி தெரிந்தவர்கள். அவர்கள் மனசில் ஏதோ ஒரு வருஷம் இருக்கிறது. அந்த வருஷத்தில் வண்டி முழுமையாக இருந்தது. பிறகு நடந்ததெல்லாம் சிதைவு. நம்முடைய விமர்சனத்திலும் இந்த எண்ணத்துக்குப் பஞ்சமில்லை. மரபைக் காப்பதாகச் சொல்கிறவர்களும் அதை உடைப்பதாகச் சொல்கிறவர்களும், எங்கோ ஒரு சுத்தமான ஆரம்பம் இருந்தது என்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். மீஞ்சூரில் எங்கள் வீட்டுப் பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே எட்டு மாதமாக இந்த வண்டி பிரிந்து கிடக்கிறது. அந்தக் கேள்விக்கு இதனிடம் இருக்கும் பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

வண்டி 1972ஆம் வருஷத்து மஹிந்திரா சி.ஜே. 3பி. பெயரைப் பார்த்தால் ஒரு திட்டமான வஸ்து என்று தோன்றும். அதன் வம்சத்தைத் துருவிப் பார்த்தால் அப்படி ஒன்றும் அகப்படுவதில்லை. 1940இல் அமெரிக்க ராணுவம் இலேசான உளவு வண்டி ஒன்று கேட்டபோது, பேன்டம் என்ற சிறு கம்பெனி ஏழு வாரத்தில் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. வரைபடங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. யுத்தம் முழுவதும் லட்சக்கணக்கில் செய்து தள்ளியவர்கள் அவர்கள்தான். 1945இல் வில்லிஸ் அதையே குடியானவனுக்கான வண்டியாக்கி விற்றது. 1953இல் அதற்கு ஒரு புது பெட்ரோல் இன்ஜின் வந்தது. பழையதைவிட உயரம் கூடியது. பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. பானெட்டை உயர்த்தினார்கள். இன்றைக்கு எல்லோரும் 'பழைய ஜீப்பின் முகம்' என்று ரசிக்கிற அந்த நெற்றி உயர்ந்த முகம் இன்ஜின் மாற்றத்தால் நேர்ந்தது. அமெரிக்காவில் 1968இல் அந்த மாடல் நின்றுபோயிற்று. 1947 முதல் ஜீப்புகளைக் கோத்து விற்றுவந்த மஹிந்திரா அதை இங்கே மேலும் பல வருஷங்கள் செய்துகொண்டிருந்தது.

ஆகவே மூலம் என்று சொல்லப்படுவதே ஒரு திருத்தம். சுவடி பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிய விஷயமில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன்னால் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஏட்டுக்கு ஏடு பாடம் வேறாக இருந்தது. எங்கள் ஜீப்புக்கும் பாடபேதம் உண்டு. அது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது: 'பெட்ரோல்' என்பது அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மசியில் 'டீசல்' என்று எழுதி, முத்திரை.

முதல் உரிமையாளர் ஓர் அரசு அலுவலகம். இந்தப் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டமும் உப்பும் அளக்கப் போய்வந்த வண்டி என்று அப்பா சொல்வார். 1984இல் ஏலத்தில் எடுத்தார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. 1986இல் ஒரு டீசல் இன்ஜினைப் பழையதாக வாங்கி வைத்தார். இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் வம்சத்தில் வந்த இன்ஜின் அது. மஹிந்திராவே தன் ஜீப்புகளில் அந்த வகையைப் பொருத்தியிருக்கிறது. நிதானமாக இழுக்கும், வண்டி முழுவதையும் நடுக்கும். அதற்குப் பின் பத்துப் பதினைந்து வருஷம் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஸ்டேஷனுக்கு மீன் கூடைகள் போயின. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பலகை வழியே இறங்கிச் சேஸிஸ் மேல் சொட்டியது. நானும் தம்பியும் படித்தது அந்த நீரில்.

உப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மீஞ்சூரில் உப்பு கடற்காற்றில் மட்டும் வருவதில்லை. சென்னையின் தாகத்துக்காகவும் இங்குள்ள பயிருக்காகவும் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளில் நிலத்தடி நீரை இறைத்தார்கள். நல்ல நீர் இறங்க இறங்க, நிலத்துக்கடியில் கடல் உள்ளே வந்தது. 1969இலேயே மீஞ்சூர்ப் பக்கம் இது பதிவாகிவிட்டது. 2010இல் அருகே காட்டுப்பள்ளியில், நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை சென்னைக்காகத் திறக்கப்பட்டது. ஊரின் கதை இப்படி. வண்டிக்கு இதன் அர்த்தம் மிகச் சாதாரணமானது: எங்கள் வீட்டு போர் தண்ணீரில் ஜீப்பைக் கழுவினால், கழுவக் கழுவத் துரு ஏறும். சுத்தம் செய்வதே அரிப்புக்கு வழி. இதை ஒரு குறியீடாக்கிவிடும் ஆசை நம் வட்டத்தில் யாருக்கும் வரும். எனக்கு அது மூன்று கேன் விலைத் தண்ணீர்.

பாடியைக் கழற்றித் தனியே வைத்த பிறகுதான் சேஸிஸ் முழுதாகக் கண்ணில் பட்டது. இரண்டு நீள உத்தரங்கள், குறுக்கே சட்டங்கள். சுத்தியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்கும். உள்ளே தின்னப்பட்டது பழம்பானைபோல மந்தமாகக் கேட்கும். வலது உத்தரத்தில், பின் பட்டை ஏறும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால், சத்தம் செத்துப்போயிற்று. அங்கே ஒரு கனத்த பிளேட். 1991இல் அப்பா வைத்துப் பற்றவைத்தது. நாலு பக்கமும் புழு நெளிந்தமாதிரி வெல்டிங். சிறுவயதிலிருந்து எனக்கு அந்த பிளேட்டைத் தெரியும். வண்டியில் அப்பாவின் கையெழுத்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதை அப்படியே விட்டு, துருவைத் தேய்த்து, வர்ணம் பூசிவிடலாம் என்பது என் எண்ணம்.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிற வெல்டர் குனிந்து பார்த்தார். பழைய லாரிச் சேஸிஸ்களோடு முப்பது வருஷம் பழகியவர். திருப்புளியைப் பிளேட்டின் ஓரத்தில் வைத்து ஒரு நெம்பு நெம்பினார். அடையாகத் துரு கொட்டிற்று.

"இந்தப் பிளேட்டு சேஸிஸைத் தாங்கலே சார். சேஸிஸ்தான் பிளேட்டைத் தாங்கினு கீது."

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஓர் இரும்பின் மேல் இன்னோர் இரும்பை வைத்து ஓரங்களை மட்டும் பற்றவைத்தால், நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். வெல்டிங் விட்ட இடத்தில் தண்ணீரும் உப்பும் நுழையும், காயாது. காற்று குறைந்த அந்த இடுக்கில்தான் அரிப்பு வேகம் பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது பிளேட்டை வெளியே தள்ளும், உத்தரத்தை உள்ளே மெலிய வைக்கும். வெளிப்பார்வைக்கு வண்டியிலேயே கனமான இடம் அது. உண்மையில் அதுதான் ஒடிய இருந்த இடம்.

ரஸ்கின் 1849இல் கட்டடக்கலை பற்றிய நூலில், பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது என்பதே ஒரு பொய், காலம் அதன் மேல் விட்டவற்றை யாராலும் திரும்ப உண்டாக்க முடியாது என்று வாதாடினார். ஃபிரான்ஸில் வியோலே-ல-துக் அதற்கு எதிர்முனை: புதுப்பித்தல் என்றால் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக்கூடக் கட்டடத்தைக் கொண்டுபோகலாம். நாம் பெரும்பாலும் ரஸ்கின் கட்சி. கோயில் சுவர்களில் மணல் வீச்சு நடத்திக் கல்வெட்டெழுத்துகளை மழுங்கடித்ததைப் பார்த்தவர்கள் வேறு கட்சியில் இருக்கவும் முடியாது. ஆனால் ரஸ்கின் பேசியது நிற்கிற கட்டடத்தைப் பற்றி. ஓடுகிற வண்டியில் ஆள் உட்காருகிறான். அதன் ஒவ்வொரு பாகத்திடமும் முதலில் கேட்க வேண்டியது, நீ எந்தக் காலத்தது என்பதல்ல. உன் மேல் எடை இறங்குகிறதா என்பது. டாஷ்போர்டில் மீன் கூடை இடித்த நெளிசலின் மேல் எடை இல்லை. அது இருக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் அப்பா ஆணியால் கீறிவைத்த டெலிபோன் எண் இருக்கலாம். பிளேட் இருக்கக்கூடாது. நினைவுக்குத் தாங்கும் வேலையைக் கொடுத்தால் அது வண்டியையும் கெடுக்கும், நினைவையும் கெடுக்கும்.

தம்பி மகனுக்கு இதில் வேறு பார்வை. ஒரு கார் ஆலையில் வேலை பார்க்கிறான். "பாடியே வேண்டாம் பெரியப்பா, ஹரியானாவில் மண்டி டப்வாலியில் புதுசா அடிச்சுக் கொடுக்கிறான். பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக், காமன் ரெயில் இன்ஜின் போட்டுடலாம்." வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை: "தாத்தா டிராக்டர் இன்ஜின் வைச்சார், அது சரி. நான் வைச்சா தப்பா?"

நியாயமான கேள்வி. சட்டம் ஒரு பதில் சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குப் பொருள்கொண்ட உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து வண்டி விலகும்படி மாற்றக்கூடாது என்றது. மூலம் என்கிற எண்ணம் நீதிமன்றத்திலும் இருக்கிறது. அங்கே அதற்குக் காரணமும் இருக்கிறது: தெருவில் போகிற மற்றவர்களின் உயிர். ஆனால் அவன் என்னிடம் கேட்டது சட்டத்தை அல்ல. எனக்குத் தோன்றிய பதில் இவ்வளவுதான். தாத்தா வைத்த இன்ஜினை மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் எந்த டிராக்டர் பட்டறையிலும் பிரிக்கலாம். வண்டி தன் ஊரோடு வைத்திருக்கும் உறவு அது. கம்ப்யூட்டரைச் செருகினால்தான் வாய் திறக்கிற இன்ஜினை வைத்தால், வண்டி ஓடும். அந்த உறவு அற்றுப்போகும். அவன் இதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப பாதுகாப்பு?" என்றான்.

அதில் அவன் பக்கம்தான் சரி. இந்த மாடலின் பிரேக், நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நாலும் போயிற்று. டீசல் டாங்க் ஓட்டுகிறவனின் இருக்கைக்கு நேர் கீழே. இதையெல்லாம் 'அசல்' என்று காப்பாற்றுவது மூடத்தனம். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் ஒன்றைப் புதுப்பேட்டையில் தேடி எடுத்தோம். முன்னும் பின்னும் இப்போது தனித்தனி. அதை வைக்க ஒரு தாங்கியை அவனே வரைந்து வெட்டினான். ஸ்டியரிங்கில் கால் சுற்று ஆட்டம் இருந்தது; தேய்ந்த மூட்டுகளையும் புஷ்களையும் மாற்றியதில் பெரும்பகுதி போயிற்று. பவர் ஸ்டியரிங் பேச்சு அதோடு நின்றது. மூன்று கியர், டிரான்ஸ்பர் கேஸின் இரண்டு குட்டை லீவர்கள், எல்லாம் அப்படியே.

பிளேட்டை வெட்டும் முன் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. எண்பத்தேழு வயது, திண்ணையை விட்டு அதிகம் நகர்வதில்லை. எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கேட்டுவிட்டு அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது இன்னும் அங்கியே கீதா? அன்னிக்குக் கூடையோட ஊர் வந்து சேர்றதுக்குப் போட்டதுடா அது."

முப்பது வருஷத்துக்கு மேலாக நான் கையெழுத்து என்று வாசித்தது, எழுதியவருக்கு ஒரு சாயங்கால அவசரம்.

வெட்டுவதற்கு முன்னால் சேஸிஸை நாலு இடத்தில் முட்டுக்கொடுத்து, குறுக்களவுகள் இரண்டும் சமமா என்று பார்த்து, கோணச் சட்டம் வைத்துக் கட்டினோம். இல்லாவிட்டால் வெட்டிய கணத்தில் உத்தரம் விலகும். பிறகு வண்டி நண்டுபோல ஒருபக்கமாக நடக்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டினார். ஒன்றேகால் அடி போயிற்று. அதே கனத்தில் ஒரு துண்டு வைத்து முனையோடு முனை பற்றவைத்து, மேலே வலுவுக்கு ஒரு தகடு. அதன் இரு முனைகளையும் வைர வடிவில் கூராக்கினார். உத்தரத்துக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் ஓடினால் அந்தக் கோட்டிலேயே முறியும் என்றார். இந்த முறை ஓரம் முழுவதும் இடைவெளி விடாமல் மூடியாயிற்று. சேஸிஸ் எண் வெட்டியிருக்கும் அந்த நாலு விரல் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சர்க்கார் கணக்கில் வண்டி என்பது அந்த நாலு விரல்தான். மற்றதெல்லாம் மாறியிருந்தாலும் அது இருந்தால் இது 1972.

அந்த அலுவலகத்திலேயே இருந்திருந்தால் இந்நேரம் இது பழைய இரும்பு. 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு புதுப்பிப்பு கிடையாது. தனியார் வண்டி தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து வருஷத்துக்கு ஓடலாம். கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000. வண்டியின் வயதுக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். கொடுக்கலாம்.

ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்து, சேஸிஸின் மூடிய பகுதிகளுக்குள் குழாய் விட்டு மூன்று நாள் கழுவினோம். முதல் நாள் வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. மூன்றாம் நாள் இல்லை. காயவிட்டு, உள்ளே மெழுகுப் பூச்சு, வெளியே சிவப்பு பிரைமர். வெட்டியெடுத்த பிளேட்டைத் தம்பி மகன் வைத்துக்கொள்ளச் சொன்னான். பழைய இரும்புக்காரர் வந்தபோது மற்ற துண்டுகளோடு தராசில் போட்டேன். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிளேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிரேக்கில் காற்று எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்.