சிறுவரும் சித்திரப் படமும்

குழந்தைக்குச் சோறூட்டும் தாயைக் கூர்ந்து நோக்குங்கள். பருப்பும் சோறும் சேர்த்துக் குழைய மசித்து, நெய் வார்த்து, சூடு ஆறியதா என்று தானே முதலில் பதம் பார்த்து, அதன் பின்னரே ஒரு சிறு கவளத்தைக் குழந்தையின் வாயில் இடுகின்றாள். வயிற்றுக்கு இடும் உணவில் இத்துணைக் கருத்துச் செலுத்தும் நாம், கண்ணின் வழியே உள்ளத்துள் புகும் உணவில் அத்துணைக் கருத்துச் செலுத்துகின்றோமா? இவ்வினா இக்காலத்தில் வீடுதோறும் எழவேண்டிய வினாவாகும். அதிலும், சிறுவர்க்கென்றே ஆக்கப்பட்டவை எனக் கருதப்படும் சித்திரப் படங்களைப் பற்றி இது சிறப்பாக எழவேண்டும். 'பொம்மைப் படந்தானே!' என்னும் ஒரு சொல்லோடு பெற்றோர் பலர் ஆராய்ச்சியை முடித்துக்கொள்கின்றனர்.

சித்திரப் படம் என்பது யாது? ஓர் உருவத்தைச் சிறிது சிறிதாக நிலை மாற்றித் தீட்டி, அவ்வோவியங்களை நொடிக்கு 24 என்னும் வேகத்தில் திரையில் ஓடவிட்டால், அசையா ஓவியம் அசைவதாகக் கண் கொள்ளும். தூரிகை செய்த அத்தொழிலை இன்று பெரும்பாலும் கணிப்பொறி செய்கின்றது. எலி பேசும், யானை பறக்கும், பூசணிக்காய் தேராக மாறும். வியப்பாகிய மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்கண் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இந்நான்கும் ஒருங்கே அமைந்த கலை இஃது. ஆதலின் இதன்பால் சிறுவர் உள்ளம் ஈடுபடுதல் இயல்பே.

ஆயின் அவ்வாசிரியரே அச்சம் பிறக்கும் களங்களையும் நான்காக வகுத்துள்ளார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்காவது பேயும் பூதமும் போல வருத்துவன. இறை என்பதில் அரசரேயன்றித் தந்தையும் ஆசிரியரும் அடங்குவர். சிறுவர்க்குரிய சித்திரப் படங்களை எடுத்து ஆராயுங்கள். சூனியக்காரி வருவாள், ஓநாய் வரும், கொள்ளையர் வருவர், கொடுங்கோலன் வருவான். அழுகைக்குரிய களங்களுள் ஒன்றாகிய இழவும் ஆங்கு உண்டு. 1942-இல் வெளிவந்த 'பாம்பி' என்னும் படத்தில் மான்குட்டி தன் தாயை வேடனுக்கு இழக்கின்றது. 1994-இல் வெளிவந்த 'தி லயன் கிங்' என்னும் படத்தில் சிங்கக்குட்டி, இறந்த தந்தையை எழுப்ப முயன்று வாடுகின்றது. இவை தீய படங்கள் என்று நான் கூறவில்லை. அச்சமும் அழுகையும் சிறிதும் இல்லாத கதை உப்பில்லாப் பண்டமாகும். ஆயினும் உப்புக்கு ஓர் அளவு உண்டு. உண்பவர் வயதுக்கேற்ப அவ்வளவு மாறுவதும் உண்டு.

இவ்வளவை வரையறுக்க நாடுகள் பலவும் முயன்றுள்ளன. 1937-இல் வால்ட் டிஸ்னி ஆக்கிய 'ஸ்நோ ஒயிட்' என்னும் படம் மறு ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்றது. ஆங்குள்ள தணிக்கையாளர், பெரியோர் துணையோடு மட்டுமே சிறுவர் காணத்தக்கது என்னும் குறியை அதற்கு இட்டனர். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி சான்றிதழ் வழங்கப்படுகின்றது. 'யு' என்பது யாவர்க்கும் உரியது. 'ஏ' என்பது வயது வந்தோர்க்கு மட்டும் உரியது. 12 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு காண்க எனக் குறிக்கும் 'யு/ஏ' 1983-இல் சேர்ந்தது.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 'தி ஜங்கிள் புக்' என்னும் படம் இந்தியாவில் வெளிவந்தது. ருட்யார்டு கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட நூலைத் தழுவியது அது. மௌக்லி என்னும் சிறுவன் மெய்யான நடிகன். அவனைச் சூழ்ந்த புலியும் கரடியும் பாம்பும் கணிப்பொறியால் உயிர்பெற்றவை. இப்படத்துக்குச் சான்றிதழ் வாரியம் 'யு/ஏ' குறி வழங்கியபோது, 'குழந்தைக் கதைக்கு இக்குறியா?' என நாடெங்கும் நகைத்தோர் பலர். முப்பரிமாணக் காட்சிகள் சிறுவரை அச்சுறுத்தும் என்பது அந்நாளைய வாரியத் தலைவர் கூறிய காரணம். இதே கதை 1967-இல் தூரிகை ஓவியமாக வந்தபோது அப்புலி தாளில் வரைந்த புலியாகவே தோன்றிற்று. 2016-இல் அது மயிர்க்காலும் மூச்சும் உடைய புலியாயிற்று. கதை மாறவில்லை, காட்டும் கருவி மாறிற்று, அதனால் அச்சத்தின் அளவும் மாறிற்று. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 'யு/ஏ' குறியையே 7, 13, 16 என்னும் வயதுகளால் மூன்றாகப் பகுத்தது. பெற்றோர்க்கு இது நல்ல துணையே. எனினும் குறி வயதை அறியுமேயன்றிக் குழந்தையை அறியாது. இருளைக் கண்டு நகைக்கும் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு; இடியொலிக்கு நடுங்கும் பத்து வயதுச் சிறுவனும் உண்டு. ஆதலின் முடிவு செய்யும் பொறுப்பு இறுதியில் வீட்டுக்கே வந்து சேர்கின்றது.

யான் வாழும் மந்தைவெளியின் பெயரே இதற்கு ஓர் உவமையாகும். மாட்டுமந்தை மேய்ந்த வெளி ஆதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். நல்ல மேய்ப்பன் இளங்கன்றை எந்நாளும் தறியிலேயே கட்டிவையான். பெருமந்தையின் நடுவே மிதிபடவும் விடான். தாய்ப்பசுவின் பக்கத்தில் மேயவிடுவான். முன்னாளில் இப்பகுதியில் கபாலி என்னும் திரையரங்கு இருந்தது. அக்காலத்தில் குழந்தையொன்று படம் காண்பது, குடும்பத்தார் கூடி முடிவு செய்து, கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஒரு நிகழ்ச்சியாகும். இன்று அவ்வரங்கு இல்லை; திரையோ ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'மகாவதார் நரசிம்மா' என்னும் சித்திரப் படம் தமிழ் உள்ளிட்ட மொழிகள் சிலவற்றில் வெளிவந்தது. பிரகலாதன் வரலாற்றைக் கூறும் அப்படத்துக்குக் குழந்தைகளோடு சென்ற பெற்றோர் பலர். ஒன்பது வயதுடைய என் பெயரனும் ஐந்து வயதுடைய என் பெயர்த்தியும் தாமும் செல்லவேண்டும் என அடம்பிடித்தனர். அவர்தம் பெற்றோரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

"இது நாம் கேட்டு வளர்ந்த கதைதானே, அப்பா! நான் நான்கு வயதிலேயே அம்மாவிடம் கேட்டேனே. இதைக் காட்டாமல் இவர்களுக்கு வேறு எதைக் காட்டுவது?" என்றான் என் மகன்.

"கதையில் எனக்கு ஐயம் இல்லை, மாமா. மின்சாரம் நின்றால் என் கழுத்தைக் கட்டிக்கொள்பவள் சின்னவள். இருண்ட அரங்கில் அவ்வளவு பெரிய ஒலியையும் உருவத்தையும் தாங்குவாளா? கண்ணில் பதிந்துவிட்டதை நம்மால் அழிக்க முடியுமா?" என்றாள் மருமகள்.

இருவர் சொல்லிலும் அன்பு இருந்தது. இருவர் சொல்லிலும் நேர்மையும் இருந்தது. சோற்றைப் பதம் பார்க்கும் தாயின் செயலை மட்டும் நான் நினைவூட்டினேன். மகன் அன்று மாலையே தனியே சென்று படத்தைக் கண்டு வந்தான். "பெரியவனை நான் அழைத்துச் செல்கிறேன். சின்னவள் இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்கட்டும்" என்றான். இதைக் கேட்டுச் சின்னவள் தேம்பி அழுதாள். "அண்ணன் மட்டும் பார்க்கலாமா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு எங்களுள் ஒருவராலும் அவள் ஏற்கும் விடை கூற இயலவில்லை. மறுப்பதற்கும் ஒரு மன உறுதி வேண்டும் என்பதை அன்று கண்டோம்.

தந்தையும் மகனும் படத்துக்குச் சென்றிருந்தபோது, பெயர்த்தியை மடியில் இருத்தி அவள் பாட்டி அக்கதையைக் கூறத் தொடங்கினாள். தூண் பிளக்கும் இடம் வந்ததும் குழந்தையின் விரல்கள் சேலைத் தலைப்பை இறுகப் பற்றின. அதனைக் கண்ட பாட்டி உடனே குரலைத் தாழ்த்தி, "பிரகலாதன் மட்டும் அஞ்சவே இல்லையம்மா, சிரித்துக்கொண்டு நின்றான்" என்றாள். பிடி தளர்ந்தது. "தூணுக்கு வலித்திருக்குமா, பாட்டி?" என்று கேட்டாள் குழந்தை. சினம் தணிந்த சிங்கம் பிரகலாதனுக்கு அருள்செய்த பகுதியை மும்முறை கூறச்செய்து கேட்டபின் உறங்கிவிட்டாள்.

பெயரன் மகிழ்ச்சியோடு திரும்பினான். சிங்கமும் போரும் அவனை அச்சுறுத்தவில்லை. ஆயின் இரவு படுக்கச் சென்றவன் தந்தையை அழைத்து, "பெற்ற மகனையே கொல்ல ஓர் அப்பா நினைப்பாரா?" என்று கேட்டான். விலங்குக்கு அஞ்சாத பிள்ளை, தொல்காப்பியர் இறுதியில் வைத்த அச்சத்துக்கு அஞ்சினான்! அன்று என் மகன் அவன் பக்கத்தில் நெடுநேரம் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தான். உடன் சென்று கண்டிராவிடின் அவ்வினாவின் பொருள் அவனுக்கு விளங்கியிராது.

கதை கூறுவோர் கேட்போரின் முகத்தைப் பார்த்துக் கூறுவர். கம்பர் தம் காப்பியத்தில் இரணியன் வதையை வீடணன் வாயிலாக இராவணனுக்குக் கூறுவித்தார். செருக்குற்ற மன்னனுக்கு அஃது எச்சரிக்கை. அதே கதை பாட்டியின் மடியில் குழந்தைக்கு ஆறுதல் ஆகின்றது. திரைக்கு இவ்வேறுபாடு தெரியாது. யார் முகத்தையும் அது பார்ப்பதில்லை. ஒருவர் நடுங்கினாலும் தன் வேகத்திலேயே ஓடும். அது பார்க்கத் தவறும் முகத்தை அருகிலிருப்பவர் பார்த்தல் வேண்டும். மேலும், நல்ல படமாயினும் கால அளவும் வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரைமுன் அமர்ந்திருத்தல் கூடாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது.

மாணவர்களே, உங்களுள் பலர் தம்பி தங்கையர் உடையீர். தாயும் தந்தையும் பணிக்குச் சென்ற வேளையில், எப்படத்தைக் காட்டுவது என முடிவு செய்பவர் பெரும்பாலும் நீங்களே. அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கையில் திணித்துவிட்டு அகலாதீர்கள். முதலில் நீங்கள் காணுங்கள். தக்கதெனத் தோன்றினால் உடன் அமர்ந்து காட்டுங்கள். விரல்கள் உங்கள் கையை இறுகப் பற்றினால் படத்தை நிறுத்துங்கள். எல்லாம் முடிந்து விளக்கணைத்த பின்னர், சிறு குரலில் ஒரு வினா எழக்கூடும். அதனைக் கேட்க நீங்கள் அருகில் இருங்கள்.